மலபார்: ஆங்கிலம் மறந்த நம் பெயர்

வெள்ளறடைச் சந்திப்பில் நின்று மலபார் எங்கே இருக்கிறது என்று வினவினால் சிறு பிள்ளையும் வடக்கே கை காட்டும். கோழிக்கோடு, கண்ணூர், வயநாடு, மலப்புறம் ஆகிய பகுதிகளே நமக்கு மலபார். சென்ற நூற்றாண்டில் திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடி அங்குச் சென்று காடு திருத்திக் குடியேறியோர் பலர். அவர்களைப் பற்றிப் பேசும்போது “மலபாருக்குப் போய்விட்டார்கள்” என்று நம் பெரியோர் சொல்லும் தொனியில், கடல் கடந்து போனவரைப் பற்றிய ஏக்கம் தொனிக்கும். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கோரத்தில், பனச்சமூட்டுச் சந்தையைக் கடந்தால் விளவங்கோடு வட்டம் என்னுமாறு அமைந்த நம் ஊர்ப்பக்கத்தார்க்கு மலபார் அத்துணைத் தொலைவானது.

ஆயினும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் முன்னோர் ஒருவர் சென்னைப் பட்டணம் சென்று, ஆங்கிலக் கம்பெனியின் எழுத்தர் ஒருவரிடம் தாம் பேசுவது தமிழ் என்று கூறியிருப்பாரானால், அவ்வெழுத்தர் தம் ஏட்டில் ‘மலபார் மொழி பேசுபவர்’ என்றே எழுதிக்கொண்டிருப்பார். கேலிக்காகவோ அவரைக் கோழிக்கோட்டுக்காரர் என்று கருதியோ அவர் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார். அக்கால ஆங்கிலத்தில் மலபார் என்றால் தமிழ் என்பதே பொருள். மலபாரிகள் என்றால் தமிழர். இப்பொருள் இன்று ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அப்பொருளில் அச்சொல்லை வழங்கிய நூல்களும் சட்டங்களும் ஒழிந்து போகவில்லை. அவற்றைப் படிப்போர் இன்றைய பொருளைக் கொண்டு அன்றைய சொல்லை அளந்து பெரும் பிழைகள் செய்கின்றனர். அவற்றுள் சில நம் இனத்தின் வரலாற்றையே புரட்டக்கூடியவை. ஆதலின் இதனைச் சற்று விரித்து ஆராய விழைகின்றோம்.

பிற ஊர்களில் வாழும் நம் குடும்பங்கட்கு இவ்வாராய்ச்சி அந்நியமன்று. வடபுலத்தில் வாழ்ந்தவர்க்கு ‘மதராசி’ என்னும் சொல்லின் சுவை தெரியும். மதுரையாரும் மங்களூராரும் விசாகப்பட்டினத்தாரும் அங்கு ஒரே மதராசி. வந்தவனுக்கு முதலில் தெரிந்த துறைமுகத்தின் பெயர், அதற்கு அப்பாலுள்ள மக்கள் அனைவர்க்கும் பெயராகிவிடுகிறது. மலபார் என்னும் சொல்லின் வரலாறும் இதுவே என்பதுதான் அறிஞர் பலரின் கருத்து. அக்கருத்து முழுவதும் பொருந்துமா என்பதே நம் வினா.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘மலை’ என்பது நம் சொல். ‘பார்’ என்பதை நிலம் அல்லது நாடு எனப் பொருள்படும் அரபு அல்லது பாரசீகச் சொல்லாகக் கொள்வர். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் இக்கரையை ‘மலே’ என்றே குறித்தார். பின்வந்த அரபு எழுத்தாளரே அதனோடு ‘பார்’ சேர்த்து வழங்கினர். இவ்வரபியரே சோழமண்டலக் கரையை ‘மாபார்’ என்றனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். மார்க்கோ போலோவின் நூலில் வரும் மாபார் நம் பாண்டிய நாடே. மலபார், மாபார் என்னும் இவ்விரு சொற்களின் ஒலியொப்புமையும் ஐரோப்பியரின் குழப்பத்திற்குத் துணை புரிந்திருக்கலாம் என்பது நம் ஐயம். அதை மெய்ப்பிக்கும் சான்று நம்மிடம் இல்லாமையால் இவ்வளவில் நிறுத்துகின்றோம்.

சொல்லின் போக்கை அறிய நூல்களின் உள்ளே புகவும் வேண்டியதில்லை. முகப்பு ஏடுகளே போதும். 1554இல் லிஸ்பன் நகரில், போர்த்துகல் மன்னர் மூன்றாம் ஜோவான் ஆணையால், கிறித்தவ மறைச் சிற்றேடு ஒன்று அச்சாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் உள்ளன. அதன் முகப்பு, மொழியின் பெயரைத் ‘தமுல்’ என்று தெளிவாகவே கூறுகிறது. மலபார் என்னும் சொல் அங்கு இல்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல், நம் ஊருக்கு ஒரு நாட்பயணத் தொலைவிலுள்ள கொல்லத்தில், ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்குண்டு. அதன் போர்த்துகீசிய முகப்பு, மொழியின் பெயரை ‘மலவார் தமுல்’ என்று இரட்டைச் சொல்லாகத் தருகிறது.

இவ்விரண்டு முகப்புகளும் சேர்ந்து ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. போர்த்துகீசியர் தமிழின் பெயரை அறியாதவரல்லர்; அறிந்தே தொடங்கினர். மலபார் என்னும் பெயர் அதன்மேல் பிறகு வந்து படர்ந்தது.

அவ்வாறு படர்ந்த பெயர் மூலப்பெயரை மூடும் நிலை பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளின் பட்டியலுக்கு ‘மலபார் நூலகம்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரே இட்டார். நீதி நூல்களும் பத்தி நூல்களும் தமிழில் இருக்க, அவை மலபார் நூல்களாயின. எனினும் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான அவர்தம் இலக்கணத்திற்குப் பெயர் ‘கிராமாட்டிகா தமுலிகா’. அதன் நீண்ட முகப்புரையில் ‘தமுல் அல்லது மலபார் மொழி’ என்று வருகிறது. 1578இல் ஒட்டி நின்ற இரு பெயர்களுக்கு இடையே இப்போது ஓர் ‘அல்லது’ புகுந்துவிட்டது. அதன்பின் 1779இல் சென்னை வேப்பேரியில் ஃபப்ரிசியுஸ் வெளியிட்ட அகராதி ‘மலபார் ஆங்கில அகராதி’ என்றே பெயர் பெற்றது. ஆனால் அதன் முகப்பே, தமுலிய மொழியை ஐரோப்பியர் பொதுவாக மலபார் மொழி என்பர் என்று விளக்கமும் கூறுகிறது. தாம் இடும் பெயர் பிறர் வழக்கு என்றும் உண்மைப் பெயர் வேறு என்றும் ஓர் அகராதியாசிரியரே முகப்பில் ஒப்புக்கொள்வது வியப்பிற்குரியது. அவர் தமிழை நன்கறிந்தவர். விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். விற்பனைக்காகவும் வழக்குக்காகவும் பிழையான பெயரைப் பெரிதாக இட்டு, அறிவுக்காக உண்மைப் பெயரைச் சிறிதாக இட்டார் போலும்!

1834இல் ராட்லரின் அகராதி வெளிவரத் தொடங்கியபோது மலபார் முகப்பிலிருந்து மறைந்தது. 1862இல் வின்சுலோவின் பேரகராதியிலும் தமிழே நின்றது. ஃபப்ரிசியுஸ் அகராதியின் பிற்பதிப்புகளோ வேடிக்கையானவை. 1972இல் தரங்கம்பாடியில் வந்த நான்காம் பதிப்பின் பெயர், ஃபப்ரிசியுஸின் மலபார் ஆங்கில அகராதியை அடிப்படையாகக் கொண்ட தமிழ் ஆங்கில அகராதி என்பது. இதனைப் புத்தகக் கடையில் காணும் ஓர் இளைஞர், மலையாள அகராதியிலிருந்து தமிழ் அகராதி செய்துவிட்டார்கள் என்று எண்ணினால் அவரைக் குறை கூற இயலுமா?

தமிழுக்கு நேர்ந்த இது தெலுங்குக்கும் நேர்ந்தது. சென்னை ஆங்கிலேயர் தெலுங்கை ‘ஜென்டூ’ என்றனர். புறச்சமயத்தார் எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு அது. 1816இல் கேம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் முகப்பும் பொதுவாக ஜென்டூ எனப்படும் தெலுங்கு என்றே அறிமுகம் செய்கிறது. அந்நூலிற்குத்தான் எல்லிஸ் துரை, தென்னாட்டு மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று காட்டும் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். பெயர்க் குழப்பம் மிக்க அக்காலத்திலேயே மொழியுறவு பற்றிய தெளிவும் பிறந்தது என்பது இன்பம் தருவது.

இனி, இச்சொற்பொருளை விளக்கியோரைப் பார்ப்போம். அவருள் தலைமையானவர் கால்டுவெல். 1856இல் வெளிவந்து 1875இல் விரிந்த தம் ஒப்பிலக்கணத்தில், போர்த்துகீசியர் முதலில் மேலைக்கரையில் இறங்கி அதன் மொழியை மலபார் என்று அறிந்து, பின் கீழைக்கரைக்கு வந்தபோது அங்குக் கேட்ட மொழியும் அதனை ஒத்திருந்தமையால் அதற்கும் அப்பெயரையே இட்டனர் என்று கூறினார். 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் சொற்களஞ்சியம் இதனை அவ்வாறே ஏற்றது. ஐரோப்பியரின் பிழை என்பது இருவர் தீர்ப்பும்.

கால்டுவெல் பெருமகனாரின் தொண்டைக் குறைத்துரைக்கும் எண்ணம் நமக்கில்லை. இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்து தமிழுக்கு அவர் செய்தது நாம் அனைவரும் அறிந்ததே. ஆயினும் இவ்விடத்தில் அவர் தீர்ப்பு அரைத் தீர்ப்பே என்று துணிந்து கூறுவோம். இரு மொழிகட்கும் ஒரே பெயர் இட்டது ஐரோப்பியரின் அறியாமை மட்டுமா? மேலைக்கரையார் தம் மொழியை அக்காலத்தில் என்னவென்று அழைத்தனர் என்னும் வினாவை அவர் எழுப்பினாரல்லர்.

அவ்வினாவிற்கு விடை ‘லீலாதிலகம்’ என்னும் நூலில் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அம்மணிப்பிரவாள இலக்கணம், சேரநாட்டார் பேசும் மொழிக்குத் தமிழ் என்னும் பெயர் வழங்குவதைக் காட்டிச் செல்கிறது. பாண்டிய சோழ நாட்டு மொழியினின்று அது வேறுபடும் இடங்களையும் எடுத்துரைக்கிறது. வடமொழி நூல்கட்குக் கேரளத்தில் எழுந்த மலையாள உரைகட்கும் ‘தமிழ்க்குத்து’ என்றே பெயர். அந்த இலக்கண நூல் இருபதாம் நூற்றாண்டிலேதான் அச்சேறியது. கால்டுவெல்லோ 1891இல் மறைந்தார். அவர் கண்டிராத சான்றுக்காக அவரைக் குறை கூறுவது முறையன்று. ஆனால் அவருக்குப் பின் வந்த நாமும் அவர் விட்ட இடத்திலேயே நிற்பது முறையன்று.

என்ன வியப்பு பாருங்கள்! மலையாள நாட்டார் தம் மொழியைத் தமிழ் என்றனர். ஐரோப்பியர் தமிழை மலபார் என்றனர். ஒருவரது பெயர் மற்றொருவர் வீட்டு வாயிலில் மாறி மாறித் தொங்கியது. பெயர்களே இவ்வாறு கலந்திருந்த நாட்டில் வந்திறங்கிய மாலுமிகள் கலங்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கரைமொழிகளுக்கு இடையே இன்றுள்ளது போன்ற கோடு அன்று இல்லை. அனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் மதிலக ஓலைகளைப் படிப்போர்க்கு வட்டெழுத்தும் மலையாண்மை எழுத்தும் தெரிய வேண்டும். மொழியோ பல இடங்களில் தமிழா மலையாளமா என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாதபடி நடக்கும். ஓலைவரை போவானேன்? நம் ஊர்ச் சந்தையில் மரச்சீனி விற்கும் மூதாட்டியின் பேச்சைக் கேட்பின் அதே நிலைதான். அவர் ‘பறைதல்’ என்று சொல்வதை மலையாளம் என்பாரும் உளர். சங்கச் செய்யுளிலேயே அச்சொல்லின் வேர் உண்டு என்பாரும் உளர். யார் யாரிடம் கடன் பெற்றது என்று மூதாட்டி கவலைப்பட்டதே இல்லை.

இம்மட்டில் நின்றிருப்பின் இஃது ஏட்டுச்சுவை மட்டுமே. ஈழத்தில் இச்சொல் செய்த வேலையைப் பார்த்தால்தான் இதன் கனம் புலனாகும்.

கண்டி நாட்டில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்து 1679இல் தப்பிய ராபர்ட் நாக்ஸ், 1681இல் தம் நூலை வெளியிட்டார். தீவின் வடபால் மலபாரிகள் தமக்கென ஒரு தலைவனோடு வாழ்ந்ததை அதில் எழுதியுள்ளார். அவர் கண்டது வன்னித் தமிழரை. பின்னர் ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், கிளாஸ் இசாக்ஸ் என்னும் அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்குகளைத் தொகுத்தார். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலிமை தந்தபோது, யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார் குடிகள்’ இதற்கு உட்பட்டவர் என்று எழுதினர். அச்சட்டம் திருத்தங்களோடு இன்றும் வட மாகாணத் தமிழரின் சொத்துரிமையை ஆள்கிறது. ஆகவே, இறந்துபோன ஓர் ஆங்கிலச் சொற்பொருள் ஒரு நாட்டின் சட்டத்தில் மட்டும் இறவாமல் இருக்கிறது! மலபார் குடிகள் என்போர் யாவர் என்று நீதிமன்றங்கள் ஆராய்ந்து, அது தமிழரையே குறிக்கும் என்று பொருள் கூற வேண்டியதாயிற்று.

நீதிபதிகள் கண்ட தெளிவு ஆராய்ச்சியாளர் அனைவர்க்கும் வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்தார் மலையாளக் கரையிலிருந்து வந்தோரே, ஏனெனில் பழைய ஆவணங்கள் அவர்களை மலபாரிகள் என்கின்றன என்று வாதிடுவோரைப் பலமுறை கண்டிருக்கின்றோம். தேசவழமையில் தாயின் சீதனச் சொத்து மகளிர்க்குச் செல்வதை மருமக்கட்டாயத்தின் எச்சம் எனக் காட்டி அவ்வாதத்திற்கு முட்டுக் கொடுப்பர். வழக்கொப்புமையைத் தனியே எடுத்து ஆராய்வதில் தவறில்லை. இரு கரைகட்கும் இடையே போக்குவரவு இருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சொல்லைச் சான்றாக்குவது செல்லாது. 1707இலும் 1806இலும் அச்சொல்லுக்குத் தமிழர் என்றே பொருள் இருக்க, அதைக் கொண்டு அவர் பிறந்த கரையை எங்ஙனம் துணிவது? மதராசி என்று பதிவேட்டில் எழுதப்பட்டமையால் ஒருவர் சென்னையில் பிறந்தவர் ஆவாரா? மருமக்கள் வழி வாதத்திற்கோ நம் பக்கத்து நாடே மறுமொழி. தமிழன்றி வேறு தாய்மொழி அறியாத நாஞ்சில் நாட்டு வேளாளர் அவ்வழியைப் பின்பற்றி, அதன் இடர்களை நுகர்ந்து, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நகைச்சுவைக்கும் பொருளாயினர். மருமக்கள் வழி உண்மையால் ஒருவர் தமிழரல்லர் ஆகிவிடார்.

1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அரியணை இழந்த ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை அது ‘மலபார்’ அரசன் என்கிறது. மலபார் ஆடவர் நாடு திரும்புவதைத் தடுக்கிறது. அவ்வரசரோ மதுரை நாயக்கர் உறவில் வந்தவர், மூலத்தில் தெலுங்கர். அங்குச் சொல் மொழியைக் குறிக்கவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அயலார் என்னும் பழியைக் குறித்தது. ஒரு மொழியின் பெயராயிருந்த சொல் துரத்துவதற்குரியோரின் பெயராகிய கணம் அது. வேலூரில் சிறையிருந்து 1832இல் மாண்ட அம்மன்னர் அச்சொல்லைப் பற்றி என்ன எண்ணினாரோ!

1859ஆம் ஆண்டை இவ்வாராய்ச்சியில் நாம் மறக்க இயலாது. அவ்வாண்டு இலண்டனில் எமர்சன் டெனண்ட் தம் இலங்கை வரலாற்றை வெளியிட்டு, பண்டு தொட்டு அத்தீவிற்கு வந்த தமிழரைக் குறிக்க மலபார் என்னும் சொல்லைத் தாராளமாக வழங்கினார். அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் எழுதி அச்சிட்டு, அதற்குத் ‘தமிழ் புளூட்டாக்’ என்று பெயரிட்டார். இருவரும் அரசு உத்தியோகம் பார்த்தவர்கள். எழுதியது ஒரே மொழியில். ஆனால் ஒருவர் வெளியிலிருந்து எழுதினார்; மற்றவர் வீட்டிலிருந்து எழுதினார். டெனண்டின் நூல் பரந்த அறிவு கொண்டதே. எனினும் அதனைப் படிக்கும் நம் பிள்ளைகள், எல்லாளன் கேரளத்திலிருந்து படையெடுத்தான் என்று எண்ணிவிடாதபடி அருகில் அமர்ந்து சொல்லித்தர வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் இப்பொருள் மெல்ல மங்கியது. மரஞ்செடிகளின் பெயரில் மட்டும் மலபார் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலேயரின் ‘மலபார்க் கீரை’ நம் கொடிப்பசலை. ‘மலபார்க் கொட்டை’ எனப்படும் செடி நம் ஆடாதோடை. இருமலுக்கு ஆடாதோடைக் குடிநீர் அருந்தி வளர்ந்த நமக்கு அதில் கொட்டை எங்கே என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இறந்த சொல் ஓரிடத்தில் உயிரோடு இருப்பதையும் சொல்ல வேண்டும். இந்துமாக் கடலில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரெயூனியன் தீவில், 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்கட்காகப் புதுச்சேரி, காரைக்கால் வழியே பெருந்தொகையான தமிழ்க் கூலிகள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்தம் வழிவந்தோர் அங்கு ‘மல்பார்’ எனப்படுகின்றனர். தமிழ் பேச்சு மறைந்த பின்னும் தீமிதியும் காவடியும் மறையவில்லை. தம்மை மல்பார் என்று சொல்லிக்கொள்வதில் அவர்கள் நாணுவதுமில்லை. இவ்விடத்தில் நம் வாதம் சற்றே தடுமாறுவதை ஒப்புக்கொள்வோம். அயலார் இட்ட பிழைப்பெயர் என்று இவ்வளவு நேரம் கடிந்த சொல்லை, நம் உறவினர் ஒரு சாரார் தம் பெயராகவே ஏற்று வாழ்கின்றனர். நூற்றெழுபது ஆண்டுகளாக அவர்கள் சுமந்து வந்த பெயரைப் பிழை என்று திருத்த நமக்கு உரிமை இல்லை. நூலில் பிழை பிழையே; வாழ்வில் வேரூன்றியபின் அது பெயர்.

நம் ஊருக்கே திரும்புவோம். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் சேரவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்டது, அது நிறைவேறவில்லை. அக்கோரிக்கையின் நியாயத்தை இங்கு எடைபோட வரவில்லை. பனச்சமூட்டில் ஒரு கடைக்குத் தமிழ்நாடும் எதிர்க்கடைக்குக் கேரளமும் ஆனது, பேச்சு மாறவில்லை. தெற்கன் குருசுமலைக்கு ஏறுவோர் இரு மொழியிலும் செபிக்கின்றனர். மலை எந்த மொழியில் கேட்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் படிவங்கள் கேட்கின்றன. நம் வீட்டுப் பெண்ணின் விண்ணப்பம் ஒன்றில், தாய்மொழி என்னும் இடத்தில் தமிழ் என்று எழுதிக் கொடுத்தோம். சொந்த ஊர் கேரளத்தில் இருப்பதைக் கண்ட எழுத்தர் அதனை அடித்து மலையாளம் என்று எழுதினார். அவரிடம் சினமில்லை, வேப்பேரி அச்சகத்தில் அகராதிக்குப் பெயரிட்டவர்களை நினைத்துக்கொண்டோம். புதுப்படிவம் வாங்கித் தமிழ் என்றே மீண்டும் எழுதிக் கொடுத்தோம். இம்முறை அவர் அடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு உள்ளே அனுப்பினார்.